பையைக் காலி செய்வது யார்?

எங்கள் பட்டறையின் பின்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை. மரத்தூள் உறிஞ்சும் மெஷினின் பில்டரைக் கழற்றிக்கொண்டு போய், சனிக்கிழமை சாயங்காலம்தோறும் பட்டறையிலேயே வயதில் இளைய பையன் அந்த இடத்தில்தான் தட்டுவான். மூன்று வருஷம் தட்டினான். தட்டச் சொன்னவன் நான்.

காரைக்குடியில் பழைய கதவு, நிலை, தூண்களைச் செப்பனிட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குதான் பெரும்பாலும். நூறு வருஷத்துக்கு மேலான மரம், இன்றைக்கு இழைத்தாலும் எண்ணெய் வாசம் அடிக்கும். என் அப்பா இதே கொட்டகையில் இழைப்புளி பிடித்தவர். கடைசி எட்டு வருஷம் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். பீடியும் குடித்தார். எதனால் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அப்பாவின் மூச்சைப் பார்த்த பிறகும் எனக்குத் தூளைப் பற்றி யோசனை வரவில்லை. அதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

தூள் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் தொழிலில் உடனே ஒரு பதில் வரும்: "பாட்டன் காலத்துலேருந்து மரத்தூள்லதான் கெடக்கோம், என்ன ஆயிப்போச்சு?" பாட்டன் கிடந்தது வேறு தூளில். இழைப்புளி தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் விழும். கைவாளில் அறுத்தால் குருணையாகத் தூள் கொட்டும். அதெல்லாம் கனமானது, விழுந்த இடத்தில் கிடக்கும், கூட்டி அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோகலாம். இன்றைக்கு நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் முறை ஆடும் சாண்டிங் மெஷினில் 180-ஆம் நம்பர் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் வருவது மாவு. அந்த மாவிலும் கண்ணுக்குத் தெரிகிற பங்கு மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பங்குதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது. பத்து மைக்ரான் துகள் நெஞ்சு உயரத்திலிருந்து தரையைத் தொட ஏழெட்டு நிமிஷம் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு, காற்றே அசையாமல் இருந்தாலும், அரை நாள் வேண்டும். எங்கள் கொட்டகையில் காற்று அசையாமல் எங்கே இருக்கிறது? தலைக்கு மேலே மூன்று மின்விசிறி. காலையில் தேய்த்த கதவின் தூளை மதியம் சோற்றோடு சேர்த்து உள்ளே வாங்குகிறோம்.

வாகை மரம் அறுத்தவர்களுக்குத் தும்மல் தெரியும். ஈட்டி மரம் இழைத்து முழங்கை முழுக்கத் தடித்துச் சிவந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவை உடனே தெரிகிற தொந்தரவுகள். மெதுவாக வருவதைப் பற்றி என் மகள்தான் படித்துச் சொன்னாள். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர், தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்கிற ஊர். 1960-களில் அங்கே எஸ்மி ஹாட்பீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் உள்ளறையில் வரும் அரிதான ஒரு புற்றுநோய் தன்னிடம் வருகிற மரவேலைக்காரர்களிடம் மட்டும் அடிக்கடி தென்படுவதைக் கவனித்தார். டொனால்ட் அச்சிசன் என்ற ஆய்வாளரும் சேர்ந்து கணக்கெடுத்து, 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. தொழிலில் சேர்ந்து நாற்பது வருஷம் வரை ஒன்றும் காட்டாமல் இருந்து பிறகு வருகிற நோய் அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. புகையிலை இருக்கிற வகை அது. பிளைவுட்டையும் எம்டிஎப் பலகையையும் ஒட்டும் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடும் பின்னர் அதே வகைக்குப் போனது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் மெஷின் வாங்கவில்லை. 2019-இல் தேவகோட்டையில் ஓர் ஆச்சி வீட்டில் வேலை. இருக்கிற கதவுகளை அங்கேயே வைத்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஆச்சி சொன்னார்: "ஆசாரி, பேரனுக்கு இளைப்பு. தூசி பறந்தாப் பிள்ளை தாங்க மாட்டான். ஏதாவது வழி பண்ணிட்டு வேலையத் தொடங்குங்க." ஒரே வாரத்தில் மதுரைக்குப் போய், சக்கரம் வைத்த தூள் உறிஞ்சியை 28,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ஆச்சியின் பேரனுக்கு ஒரு வாரத்தில் வழி கிடைத்தது. என் பட்டறையில் பதினெட்டு வயதுப் பையன் இரண்டு மழைக்காலமாக இருமிக்கொண்டிருந்தான். அவனுக்காக வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது.

மெஷின் வந்ததும் வீடே மாறியது மாதிரி இருந்தது. குழாயின் ஒரு முனை சாண்டரில், மறுமுனை உறிஞ்சியில். சாண்டரின் ஒயரை உறிஞ்சியில் இருக்கும் பிளக்கிலேயே செருகிவிட்டால், சாண்டரை அழுத்தும்போது இதுவும் தானாக ஓடும். நிறுத்தினால் சில நொடி கூடுதலாக ஓடிக் குழாயில் மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு நிற்கும். உப்புத்தாள் கூட அதிக நேரம் உழைத்தது, ஏனென்றால் தூள் தாளின் பற்களில் அடையவில்லை. தூள் பறக்கவில்லை, அதனால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். தூள் எங்கேயும் போகவில்லை. ஒரு டப்பாவுக்குள் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

தூள் உறிஞ்சி ஒரு துடைப்பம் இல்லை. அது ஒரு சல்லடை. மோட்டார் காற்றை இழுக்கிறது. இழுத்த காற்றைப் பையும் பில்டரும் சலிக்கின்றன. சலித்த காற்று மறுபக்கம் நம் பட்டறைக்குள்ளேயே திரும்ப வருகிறது. சல்லடையில் கிழிசல் இருந்தால், கீழே கிடந்த தூளை இன்னும் நைசாக்கி முகத்துக்கு நேராக ஊதுகிற மெஷினாக அது மாறிவிடும். எனக்கு இது தெரிய மூன்று வருஷம் ஆனது.

ஒருநாள் சாயங்காலம், இருட்டின பிறகும் ஒரு நிலைக்கு மெருகு வேலை நடந்துகொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. பையன் மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து மெஷின் ஓடத் தொடங்கியது, ஆனால் எங்கள் பக்கத்து ட்யூப்லைட் எரியவில்லை. அந்த இருட்டில் டார்ச் வெளிச்சம் மெஷினின் பின்பக்கத்தைத் தாண்டிப் போனபோது பார்த்தேன். காற்று வெளியேறும் சந்துகளிலிருந்து புகை மாதிரி ஒரு திரை எழும்பிக்கொண்டிருந்தது. பகலில் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது. மூடியைக் கழற்றினேன். பில்டரின் மடிப்பு ஒன்றில் விரல் நுழைகிற கிழிசல். சுத்தமாக இருக்க வேண்டிய உட்பக்கமெல்லாம் மாவு பூசியிருந்தது. எத்தனை மாதமாக அப்படி என்று தெரியாது. சுவரில் தட்டித் தட்டித்தான் கிழிந்தது. தட்டியவனைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அன்றிலிருந்து மெஷினை நானே கவனிக்கத் தொடங்கினேன். அதில் கற்றதைச் சொல்கிறேன். கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் காது. காற்று தாராளமாகப் போகும்போது மோட்டார் கனத்த குரலில் ஓடும். அடைப்பு ஏற ஏறக் குரல் மெலிந்து கீச்சென்று மேலே போகும். "மாமா, மெஷின் இழுக்க மாட்டேங்குது" என்று பையன் சொல்வதற்கு வெகு முன்பே அந்தக் குரல் மாறியிருக்கும். குழாய் முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இழுவை குறைந்தால் நான்கு இடம் பார்க்க வேண்டும்: பை நிறைந்ததா, பில்டர் அடைத்ததா, குழாயில் சிராய் சிக்கியதா, மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. வளையத்தைச் சுற்றி மெல்லிய கோடாகத் தூள் படிந்திருந்தால் அங்கே ஒழுகுகிறது என்று பொருள். ஈரத்துணியால் துடைத்து மறுபடி மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பை விஷயத்தில் நான் செய்த தவறை எல்லோரும் செய்கிறார்கள். உள்ளே போடுகிற நார்த்துணிப் பை ஒன்று சில நூறு ரூபாய். நிறைந்ததும் அதன் அடித் தையலை வெட்டிக் கொட்டிவிட்டு, மடித்து ஸ்டேப்ளர் அடித்து மறுபடி போடுவேன். வெட்டிக் கொட்டும்போது எழும் தூள்தான் பட்டறையிலேயே மோசமான தூள், ஏனென்றால் நைசானதெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. பை முழுதாக, வாயை மூடி, அப்படியே வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் அதை விற்கிறார்கள். பையே போடாமல் வெறும் டப்பாவில் ஓட்டினால் அத்தனை பாரமும் பில்டர் மேல் விழும். பில்டர் விலையில் பத்துப் பை வாங்கலாம்.

பில்டரைத் தட்டவே கூடாதா என்று கேட்பார்கள். சுவரில், தூணில், மர முனையில் தட்டக் கூடாது. கம்ப்ரசர் காற்றைக் கிட்ட வைத்து அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் விழும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் துடைக்க வேண்டும். தாள் பில்டரைக் கழுவக் கூடாது. பாலியஸ்டர் பில்டரைக் கழுவலாம், ஆனால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாளானாலும் உள்மடிப்பு காயாது. அரை ஈரத்தில் மாட்டினால் தூள் அப்பளக் களி மாதிரி ஒட்டிக் காய்ந்துவிடும், பிறகு அந்தப் பில்டர் உதவாது. அதனால் நான் மாற்றுப் பில்டர் ஒன்றை எப்போதும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சாண்டரின் அடித்தட்டில் எட்டு ஓட்டை, தாளிலும் எட்டு. ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாமல் ஒட்டினால் என்ன மெஷின் வைத்தும் பயனில்லை. விலை குறைவென்று ஓட்டையில்லாத தாள் வாங்கி ஒட்டுகிற பட்டறைகள் நிறைய.

பங்குனி, சித்திரையில் குழாய் முழங்கையில் பட்டால் சுளீர் என்று அடிக்கும். சாதா பிளாஸ்டிக் குழாயில் தூள் உரசி ஓடுவதால் சேரும் மின்சாரம் அது. மின்னூட்டம் தங்காத வகைக் குழாய் கிடைக்கிறது. ஆனால் மெஷினின் எர்த் சரியாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளாகச் செருகும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மரத்தில் ஆணி இருக்கும். கிரைண்டரில் ஆணி வெட்டுகிறபோது அதே உறிஞ்சியை மாட்டினால் பொறி நேராகப் பைக்குள் போகும். என்சி சீலர் அடித்துக் காய்ந்த பலகையைத் தேய்த்தால் வரும் வெள்ளைத் தூள் இன்னும் எளிதில் பற்றும். அந்த வேலை முடிந்த அன்று பையை ராத்திரி மெஷினுக்குள் விடக் கூடாது. மூடி போட்ட தகர டின்னில் வெளியே வைக்கிறோம். உத்தரத்திலும் விட்டத்திலும் படிகிற தூளையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் மூன்றே மாத இடைவெளியில் இரண்டு மர அறுவை ஆலைகள் தூளால் வெடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள். எங்கள் கொட்டகை அத்தனை பெரிதில்லை. ஆனால் விட்டத்தில் விரல் வைத்துப் பார்த்தால் தூளின் கனம் தெரிகிறது.

இந்தச் சக்கர மெஷின் எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இழைப்பு மெஷின் கக்குகிற சீவலை இதன் விரல் தடிமன் குழாய் விழுங்காது. அதற்கு நான்கு அங்குலக் குழாயோடு தனி மெஷின் வேண்டும். நீல டிரம்மின் மேல் கூம்பு ஒன்றை வைத்து, காற்றைச் சுழலவிட்டு, கனத்த தூளை டிரம்மிலேயே இறக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் மெஷினுக்கு அனுப்புகிற ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. அது வந்த பிறகு பை மாற்றுவது வெகுவாகக் குறைந்தது. பழைய பெயின்ட் அடித்த கதவுகளை மெஷினில் தேய்ப்பதையே நிறுத்திவிட்டோம். வீட்டு பெயின்டில் ஈயத்துக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நனைத்துச் சுரண்டுகிறோம்.

மெஷின்களிலும் தரம் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் எல், எம், எச் என்று மூன்று வகை. எல் வகை நூற்றில் ஒரு பங்கு வரை நைசுத் தூளைத் தப்பவிடலாம். எம் வகை ஆயிரத்தில் ஒரு பங்குதான். மரத்தூளுக்குக் குறைந்தது எம் வகை வேண்டும் என்கிறது பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை. நான் முதலில் வாங்கியது எல். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருஷம் எம் வகைக்கு மாறினேன். குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு இருபது மீட்டருக்குக் கீழே போனால் அது கத்தும். அந்தச் சத்தம் இடைஞ்சல் என்று குழாய் அளவைக் காட்டும் திருகைச் சின்ன அளவுக்குத் திருப்பி வைத்து, வாயடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கத்துவது நமக்காக.

தொழிற்சாலைச் சட்டம், 1948. அதன் 14-ஆவது பிரிவு தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அன்றே எழுதி வைத்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடமென்றால் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். 2020-இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. நான்கு பேர் வேலை பார்க்கும் என் பட்டறை அன்றும் அதில் வராது, இன்றும் வராது. நம் ஊர் மரவேலையில் பெரும்பகுதி என் பட்டறை மாதிரி இடங்களில்தான் நடக்கிறது. எங்கள் மூச்சுக்குக் கணக்குக் கேட்க வருகிறவர் யாரும் இல்லை. அதனால் பட்டறைக்காரன்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசுகளிடமும் கேட்கிறேன். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறது. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் கடனில் கால் பங்கை, 50,000 ரூபாய் வரை, மானியமாகத் தருகிறது. நல்லது. ஆனால் ஓர் இளைஞன் கையில் சாண்டரையும் ரவுட்டரையும் கொடுக்கும்போது, அவை கிளப்புகிற தூளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 15,000 ரூபாயில் ஒழுங்கான எம் வகை உறிஞ்சி வராது. அதற்கென்று தனித்தொகை ஒதுக்குங்கள். பயிற்சி நாளில் ஒரு மணி நேரமாவது பில்டரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுங்கள்.

வீடு கட்டுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. என் விலைப்பட்டியலில் இப்போது 'தூள் பை, பில்டர் தேய்மானம்' என்று ஒரு வரி எழுதுகிறேன். ஒரு சாதாரண வேலைக்கு அறுநூறு, எழுநூறு ரூபாய் வரும். "இது எதுக்கு ஆசாரி? இதைக் குறைச்சுக்கலாமே" என்று பேரத்தில் முதலில் கைவைப்பது அந்த வரியில்தான். மைகா ரகத்திலும் கைப்பிடி ரகத்திலும் அதைப் போல மூன்று மடங்கு யோசிக்காமல் கூட்டுகிறார்கள். இந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள். வேலை நடப்பது உங்கள் வீட்டுக்குள், உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

ஆனால் முதல் கேள்வி பட்டறைக்காரர்களான நமக்குத்தான். மெஷின் வாங்கியவன் முதலாளி. ஓட்டுகிறவன் கைதேர்ந்த ஆசாரி. நாள் முழுக்கச் சேர்ந்த விஷத்தை மொத்தமாக அள்ளுகிற வேலை மட்டும், மூச்சுப்பை இன்னும் வளர்ந்து முடியாத பையனுக்கு. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவன் போவான். நைசுத் தூளுக்கு அந்தத் துண்டு திறந்த கதவு. நாற்பது வருஷம் கழித்துக் கணக்குத் தீர்க்கிற நோயை, இன்னும் நாற்பது வருஷம் உழைக்க வேண்டியவன் கையில் கொடுக்கிறோம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்தப் பையை நான்தான் தொட வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவன் செய்யட்டும் என்ற வழக்கம் நம் தொழிலில் பழையது, கூட்டிப் பெருக்குவதற்கும் டீ வாங்கி வருவதற்கும் அது பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது.

மெஷின் மூடியின் உட்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் தேதி எழுதுகிறோம்: பை மாற்றிய நாள், பில்டர் துடைத்த நாள், பக்கத்தில் செய்தவர் பெயரின் முதலெழுத்து. ஒன்றரை வருஷமாக எல்லா வரியிலும் என் எழுத்துதான். போன சனிக்கிழமை நான் பின்வாசலில் வேப்பமரத்தடியில் பில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பையன் வந்து, "குடுங்க மாமா, நான் பாக்குறேன்" என்றான். நாலடி தள்ளி நிற்கச் சொல்லி, முதலில் அலமாரியிலிருந்து ஒரு புது மாஸ்க்கை எடுத்து வரச் சொன்னேன். அதை மூக்குப் பாலத்தில் அழுத்தி, ஓரத்தில் காற்று ஒழுகாமல் மாட்டக் கற்றுக்கொடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது.